தேயிலைக்கு அடியில தரை எங்க இருக்கு? மூணாறு மலையில லைடார் சர்வே எடுக்க முழு வழிகாட்டி

லைடார்னா மேல இருந்து லேசர் அடிச்சு தரையோட மேடு பள்ளத்த அளக்குற கருவி. அதால நான் முதன்முதலா எடுத்த மேப்ப பெரிய சைஸ்ல பிரிண்ட் போட்டு, லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளிங்க குடியிருக்குற வரிசை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் எங்க அத்தைகிட்ட விரிச்சுக் காட்டினேன். முப்பது வருஷத்துக்கு மேல அதே மலையில கொழுந்து எடுத்தவங்க. கண்ணாடியப் போட்டுக் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "ஏன்டா, மேல் ஃபீல்டுல ஒரு பள்ளம் கிடக்குமே, கொழுந்து மூட்டையோட விழுந்து காலு பிசகுனேனே, அது எங்கடா காணோம்?"னு கேட்டாங்க. மேப்புல அந்த இடம் சலவை பண்ணின வேட்டி மாதிரி வழுவழுன்னு கிடந்துச்சு. எனக்கு மூஞ்சி செத்துப்போச்சு.

தப்பு மெஷின்ல இல்ல, என்கிட்டதான். லேசர் தேயிலைச் செடியோட தலையத் தொட்டுட்டுத் திரும்பி வந்ததை நான் தரைன்னு நம்பிட்டேன். நெட்ல கிடைக்குற வழிகாட்டி எல்லாம் காட்டப் பத்தியும் கட்டடத்தப் பத்தியும்தான் சொல்லுது, இடுப்பளவு உயரத்துல கம்பளம் விரிச்ச மாதிரி மலை பூரா மூடிக் கிடக்குற ஒரு செடிய யாரும் கண்டுக்கல, அதனால நம்ம தேவிகுளம், பீர்மேடு பக்கத்து ஆளுங்களுக்காக இத எழுதுறேன். வால்பாறை, கூடலூர்காரங்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

மெஷின் என்ன பண்ணுது

சுருக்கமா சொல்லிடுறேன். ட்ரோன்லயோ விமானத்துலயோ இருந்து லேசர் துடிப்பு ஒண்ணு கீழ போகுது, எதுலயோ பட்டுத் திரும்புது, போயிட்டு வந்த நேரத்த ஒளியோட வேகத்தால பெருக்கி ரெண்டால வகுத்தா தூரம். ஒளி ஒரு நொடிக்கு 29,97,92,458 மீட்டர் போகுது, அதனால ஒரு நானோசெகண்ட் தப்பா அளந்தா தூரத்துல 15 சென்டிமீட்டர் போச்சு. துடிப்பு போற திசைய ஸ்கேனர் கண்ணாடி சொல்லும், ட்ரோன் எங்க இருக்குன்னு ஜிபிஎஸ் சொல்லும், எப்படி சாஞ்சு ஆடுதுன்னு ஐஎம்யூங்குற அசைவு அளக்குற சென்சார் சொல்லும். இந்த நாலும் ஒரே கடிகாரத்துல ஓடணும். ஐஎம்யூ கோணத்துல வெறும் 0.01 டிகிரி பிசகு இருந்தா 1000 மீட்டர் உயரத்துல இருந்து பாக்குறப்போ புள்ளி 17 சென்டிமீட்டர் தள்ளி விழும்.

ஒரு துடிப்புக்கு ஒரு புள்ளிதான்னு நினைக்காதீங்க. சில்வர் ஓக் மரத்துல முதல்ல உச்சி இலை, அப்புறம் நடுக்கிளை, கடைசியா இடுக்கு வழியா தரைன்னு மூணு நாலு எதிரொலி வரும், அந்தக் கடைசி எதிரொலியதான் நாம தரைக்காகத் தேடுறோம். போட்டோ எடுத்து மேப் பண்ற போட்டோகிராமெட்ரிக்கு இந்த வசதி கிடையாது, அது கேமரா கண்ணுக்குத் தெரியுறத மட்டும்தான் அளக்கும்.

இப்போ தேயிலை ஏன் ஏமாத்துதுன்னு பாருங்க. துடிப்புக்கும் ஒரு நீளம் உண்டு. 5 நானோசெகண்ட் துடிப்புன்னா சுமார் 75 சென்டிமீட்டருக்குள்ள இருக்குற ரெண்டு பொருளோட எதிரொலிய அதால பிரிச்சுப் பாக்க முடியாது, ரெண்டும் ஒட்டி ஒண்ணா வரும். தேயிலைச் செடியோட உயரமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். போதாக்குறைக்கு கொழுந்து கிள்ளிக் கிள்ளி மேசை மாதிரி தட்டையா, இடைவெளியே இல்லாம வளத்து வெச்சிருக்காங்க. முப்பதடி மரத்துக்கு அடியில தரையப் பிடிக்குற மெஷின் மூணடி செடிக்கு அடியில கோட்டை விடுறது இதனாலதான்.

எதுக்கு எடுக்குறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

ஏக்கர் கணக்கு, ரோடு போடுறது, தண்ணி டேங்க், இப்படி ஒவ்வொண்ணுக்கும் துல்லியம் வேற. எங்க பக்கம் முக்கியமான தேவை மண்சரிவுதான். மலையாளத்துல உருள்பொட்டல்னு சொல்றத நம்மாளுங்க மலை இறங்கிருச்சும்பாங்க. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில லயத்து மேல மலை இறங்கி 70 பேர் போனாங்க, அதுல பெரும்பாலும் நம்ம தோட்டத் தொழிலாளிங்களும் அவங்க பிள்ளைங்களும்தான். 2024 ஜூலை 30ல வயநாட்டுல நடந்ததையும் எல்லாரும் பாத்தோம்.

ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன், எப்போ சரியும்னு லைடார் சொல்லாது. முன்னாடி எங்க சரிஞ்சிருக்கு, தண்ணி எந்தக் குழியில கூடுது, அது எந்த ஓடை வழியா எந்த வீட்டப் பாத்து இறங்கும்னு காட்டும். அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல ஓசோங்குற ஊர்ல 2014 மார்ச் 22ல சரிஞ்சு 43 பேர் இறந்தாங்க, அந்தப் பள்ளத்தாக்கோட லைடார் படத்துல பழைய சரிவுத் தழும்புங்க ஒண்ணு மேல ஒண்ணா அப்பட்டமா தெரியுது. காடு மூடினதால சாதாரண போட்டோவுல அது கண்ணுல படாது.

பர்மிஷன்

இத ஒத்திப் போடாதீங்க. 2021 ட்ரோன் விதிப்படி லைடார் தூக்குற ட்ரோன் பெரும்பாலும் 2 கிலோவுக்கு மேல 25 கிலோவுக்குள்ள வர்ற ஸ்மால் வகை, அதுக்கு யூஐஎன்ங்குற பதிவு நம்பர் வேணும், ஓட்டுறவங்களுக்கு ரிமோட் பைலட் சர்டிபிகேட் வேணும். பச்சை ஜோன்ல, அதாவது முன் அனுமதி தேவைப்படாத வான்பகுதியில, தரையில இருந்து 120 மீட்டர் வரைக்கும் பறக்கலாம். எந்த இடம் எந்த ஜோன்னு காட்டுற அரசோட டிஜிட்டல் ஸ்கை மேப்ப வேலைக்குப் போற அன்னைக்குக் காலையிலயும் ஒரு தடவை பாருங்க. இரவிகுளம் மாதிரி பாதுகாக்கப்பட்ட காட்டு எல்லைய ஒட்டி எஸ்டேட் இருந்தா வனத்துறை எழுத்து அனுமதி இல்லாம ட்ரோன் பெட்டியத் திறக்கவே திறக்காதீங்க. எஸ்டேட் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், பஞ்சாயத்து மூணு இடத்துலயும் தகவல் சொல்லுங்க, லெட்டர் மலையாளத்துல இருந்தா வேலை சீக்கிரம் நடக்கும். லயத்து ஆளுங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மேல ஏதோ சுத்துது, வீட்ட காலி பண்ணத்தான் அளக்குறாங்கன்னு பேச்சு கிளம்பிட்டா அப்புறம் நம்மள யாரும் உள்ள விடமாட்டாங்க, அந்த பயத்துலயும் நியாயம் இருக்கு.

2021 பிப்ரவரியில வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்படி கிடைமட்டத்துல 1 மீட்டர், உயரத்துல 3 மீட்டர விடத் துல்லியமான மேப் டேட்டாவ இந்திய ஆளுங்களும் இந்திய நிறுவனங்களும்தான் உருவாக்கலாம், அது இந்தியாவுலயே இருக்கணும். லைடார் கண்டிப்பா அந்தக் கணக்குல வரும். வெளிநாட்டு சர்வர்ல சும்மா ஏத்தி வெச்சுடாதீங்க.

எந்த மாசம், எந்த நேரம்

ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மறந்துடுங்க, ஐப்பசி கார்த்திகையும் நம்பிக்கையில்ல. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் நல்லது. காலையில ஏழரைக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல முடிச்சுடுங்க, மத்தியானத்துக்கு மேல மஞ்சு (மூடுபனி) ஏறிடும், லேசர் மஞ்சுக்குள்ள போகாது, அந்தரத்துல புள்ளி புள்ளியா ஒரு மேகத்த அளந்து கொடுக்கும். ஜனவரியில உறைபனி விழுற காலையில ட்ரோன பத்து நிமிஷம் வெளிக்காத்துல வெச்சு, கண்ணாடியில ஈரம் இருக்கான்னு பாத்து துடைச்சுட்டுப் பறங்க.

எல்லாத்தையும் விட முக்கியம் கவாத்து. நாலஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா ஒவ்வொரு ஃபீல்டையும் கவாத்து வெட்டுவாங்கல்ல, அப்போ செடி வெறும் குச்சியா நிக்கும், தரை தெரியும். எந்த ஃபீல்டு எப்போ கவாத்துன்னு எஸ்டேட் ஆபீஸ்ல லிஸ்ட் இருக்கும், டீ வாங்கிக் கொடுத்தாவது அத ஒரு காப்பி வாங்கிடுங்க. உங்களுக்கு ரொம்ப முக்கியமான ஃபீல்டு, அதாவது லயத்துக்கு நேர் மேல இருக்குறது, கவாத்து முடியுற வரைக்கும் காத்திருக்க முடிஞ்சா காத்திருங்க. வெட்டின கிளைய அங்கயே பரப்பி விடுவாங்க, அது தரைய கொஞ்சம் உயர்த்திக் காட்டும்தான், ஆனா மூணடி பொய்க்கு அது எவ்வளவோ மேல்.

பேஸ் வைக்குறதும் செக் பாயிண்ட் எடுக்குறதும்

ட்ரோனோட ஜிபிஎஸ் பிசகத் திருத்த, பேஸ்னு ஒரு ஜிபிஎஸ் ரிசீவர தரையில அசையாம வைக்கணும். பள்ளத்துல போன் சிக்னல் இருக்காது, அதனால பறக்குறப்பவே திருத்துற ஆர்டிகே நம்பிப் போகாதீங்க, வீட்டுக்கு வந்து கணக்குல திருத்துற பிபிகே முறைதான் நமக்கு. தொழிற்சாலை மொட்டை மாடி, கோயில் மைதானம், எங்கயாவது வானம் நல்லா தெரியுற இடத்துல பேஸ் வெச்சு, பறக்குறதுக்கு முன்னாடியே ஆன் பண்ணி, மொத்தம் ரெண்டு மூணு மணி நேரமாவது ஓட விடுங்க. அப்புறம் சர்வே ஆஃப் இந்தியா நிரந்தரமா வெச்சிருக்குற கார்ஸ்ங்குற ஜிபிஎஸ் ஸ்டேஷனோட டேட்டாவ வெச்சு பேஸ் இருக்குற இடத்தோட அளவ சரி பண்ணிக்கலாம். ஆன்டெனா உயரத்த டேப்புல அளந்து நோட்டுல எழுதுங்க, போட்டோவும் எடுங்க. இந்த ஒரு நம்பர தப்பா அடிச்சு மொத்த மலையும் 20 சென்டிமீட்டர் ஏறிப்போன கதை ஒவ்வொரு சர்வேயர்கிட்டயும் ஒண்ணு இருக்கும்.

அடுத்து செக் பாயிண்ட், அதாவது மேப் சரியான்னு சோதிக்க தரையிலயே நேரா அளந்து வைக்குற புள்ளி. ரெண்டு வகை எடுக்கணும், இதுல கஞ்சத்தனம் வேணாம். ஒண்ணு, தார் ரோடு, சிமெண்ட் முற்றம் மாதிரி கெட்டியான வெட்டவெளி. ரெண்டு, தேயிலைக்கு உள்ள, கொழுந்து எடுக்குறவங்க நடக்குற சந்துல, செடிக்கு அடியில மண்ணத் தொட்டு. ஜிபிஎஸ் மாட்டின ரோவர் கம்போட முனை சருகுல இறங்காம ஒரு தட்டு மாட்டிக்குங்க. ரெண்டு வகையும் சேத்து முப்பதாவது எடுங்க. கால்ல அட்டை ஏறும், உப்பு எடுத்துட்டுப் போங்க.

பறக்குற கணக்கு

60 ஏக்கர் சரிவுன்னு வெச்சுப்போம், அதாவது 2,43,000 சதுர மீட்டர். தரையில இருந்து 80 மீட்டர் உயரம், ஸ்கேனர் கோணம் 70 டிகிரி. சமதரையா இருந்தா ஒரு பக்கம் 56 மீட்டர், மொத்தம் 112 மீட்டர் அகலம் கிடைக்கும். ஆனா நம்ம ஊர்ல சமதரை எங்க இருக்கு? 30 டிகிரி சரிவுல மேட்டுப் பக்கம் வெறும் 40 மீட்டர்தான் கிடைக்கும், பள்ளத்துப் பக்கம் 94 மீட்டர் வரைக்கும் இழுத்துட்டுப் போகும், அந்தப் பக்கத்துப் புள்ளிங்க தரைய உரசிட்டு சாய்வா போறதால செடிக்குள்ள இறங்கவே இறங்காது. அதனால நான் கோட்டுக்குக் கோடு 40 மீட்டர் வைக்குறேன். நொடிக்கு 6 மீட்டர் வேகம், நொடிக்கு 2,40,000 துடிப்புன்னா 40ஐ 6ஆல பெருக்கி 240 சதுர மீட்டருக்கு 2,40,000, சதுர மீட்டருக்கு 1000 துடிப்பு. மொத்தக் கோடு 6 கிலோமீட்டர் சொச்சம், 17 நிமிஷம், திரும்புற நேரம் தனி.

ஒப்பிட்டுப் பாக்க ஒண்ணு: விமானத்துல 1000 மீட்டர் உயரம், 40 டிகிரி, நொடிக்கு 60 மீட்டர், நொடிக்கு 5,00,000 துடிப்புன்னா சதுர மீட்டருக்கு 11 தான் வரும். ஒரு தாலுகா முழுக்க எடுக்க அதுதான் வழி, ஒரு லயத்துக்கு மேல இருக்குற பள்ளத்தப் பாக்க ட்ரோன்தான்.

கோடுகள மலைய ஏறி இறங்குற மாதிரி போடாதீங்க, மலைக்கு நெடுக, ரோடு போற மாதிரி போடுங்க. முடிச்சுட்டு குறுக்க ரெண்டு கோடு கட்டாயம் பறங்க, அதுதான் பின்னாடி ஒவ்வொரு கோட்டுலயும் அளந்த பட்டைங்கள ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வைக்க உதவும். மலை ஏற இறங்க ட்ரோனும் ஏறி இறங்குற டெரைன் ஃபாலோவுக்கு இலவசமா கிடைக்குற 30 மீட்டர் உயர மேப்பப் போடுவீங்க, அது முகட்டுல நல்லா சொதப்பும், கிராண்டிஸ் மரம் நிக்குற முகட்டுல நான் 80ஐ 100 ஆக்கிடுவேன். ட்ரோன் போறத விட மரம் வளர்றதுதான் அங்க வேகம்.

கிளம்புனதும் கோட்டுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி எட்டு போடணும், முடிச்சு இறங்குறப்பவும் எட்டு போடணும். லைசென்ஸ் டெஸ்ட்ல போடுற அதே எட்டுதான். ஐஎம்யூ தன்னோட பிசக அப்பதான் கண்டுபிடிக்கும், எட்டு போடாம வந்தா டேட்டா ஃபெயில்தான், ஆர்டிஓ ஆபீஸ்ல கிடைக்குற மாதிரி ரெண்டாவது சான்ஸ் இங்க கிடையாது.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல

முதல்ல பேஸ் டேட்டாவோட சேத்து பறந்த பாதைய கணக்குப் போட்டு, புள்ளி எல்லாம் அடங்கின லாஸ் ஃபைல் எடுங்க. ஒரு புள்ளிக்கு 30 பைட்னு வெச்சா நம்ம 60 ஏக்கர் 7 ஜிபிக்கு மேல வரும், அத லாஸ்ஜிப்னு சுருக்கினா ரொம்ப சின்னதாயிடும். ப்ரொஜெக்‌ஷன் யூடிஎம் 43 வடக்கு (உருண்டை பூமிய தட்டை மேப்பாக்குறப்போ நம்ம பகுதிக்கான மண்டலம்), சாஃப்ட்வேர்ல அதோட நம்பர் இபிஎஸ்ஜி 32643. கிழக்க 78 டிகிரி தாண்டினா 44, அதனால ஆந்திராவுல சித்தூர், நகரி பக்கம் இதப் படிக்குறவங்க 32644 போடுங்க.

உயரத்துல ஒரு பெரிய பொறி இருக்கு. ஜிபிஎஸ் தர்ற உயரம் எலிப்சாய்டுங்குற கணக்குப் பூமி உருண்டையில இருந்து, நாம பேசுறது கடல் மட்டத்துல இருந்து, அந்தக் கடல் மட்டப் பரப்புக்குப் பேருதான் ஜியாய்டு. உலகத்துலயே ஜியாய்டு ரொம்ப கீழ இறங்கிக் கிடக்குறது நம்ம இந்தியப் பெருங்கடல்லதான், இலங்கைக்குத் தெக்க மைனஸ் 106 மீட்டர் கிட்ட. நம்ம மலையில வித்தியாசம் 90 மீட்டர் சுமாருக்கு வரும். 1500 மீட்டர்ல இருக்குற மூணாறு டவுன் 1410னு காட்டினா மெஷின் கெட்டுப்போச்சுன்னு பதறாதீங்க, ஜியாய்டு திருத்தம் போடலைன்னு அர்த்தம்.

அப்புறம் பட்டைங்கள ஒட்டுறது. ரெண்டு பட்டை மேல விழுற இடத்துல ஒரு தகரக் கூரைய குறுக்கால வெட்டிப் பாருங்க, ஒரே கோடா தெரியணும், ரெண்டு கூரையா தெரிஞ்சா அடுத்த வேலைக்குப் போகாதீங்க. சரிவுல இது இன்னும் கடுமை: 30 டிகிரி மலையில பக்கவாட்டுல 10 சென்டிமீட்டர் தள்ளினா உயரத்துல 6 சென்டிமீட்டர் பிசகும், 45 டிகிரியில பத்துக்கு பத்து.

இனிதான் அசல் வேலை, எது தரை எது செடின்னு பிரிக்குறது. நான் கிளவுட்கம்பேர்ங்குற சாஃப்ட்வேர்ல இருக்குற சிஎஸ்எஃப் கருவிய எடுக்குறேன், இலவசம்தான். அது என்ன பண்ணும்னா புள்ளி மேகத்த தலைகீழா கவுத்துப் போட்டு அது மேல ஒரு துணியப் போத்தும், துணி எங்க படியுதோ அதுதான் தரை. அழகான ஐடியா. ஆனா அதுல வகைப்படுத்துற வரம்பு 0.5 மீட்டர்னு முன்கூட்டியே இருக்கும், துணிக்கு அரை மீட்டருக்குள்ள இருக்குற எல்லாமே தரைன்னு எடுத்துக்கும். தேயிலையில பாதி செடி தரையாயிடும்! இதுதான் என் முதல் மேப்புல நடந்தது. 0.1, 0.15க்கு இறக்குங்க, செங்குத்துச் சரிவுங்குற ஆப்ஷன எடுங்க, துணியோட கண்ணிய 2 மீட்டர்ல இருந்து அரை மீட்டர் பக்கம் கொண்டு வாங்க. பிடால்ங்குற சாஃப்ட்வேர்ல தரை பிரிக்குற ஸ்மர்ஃப் கருவி பழக்கம்னா அதுல சரிவு அளவு 0.15னு இருக்கும், அது நூத்துக்குப் பதினஞ்சு சரிவு, நம்ம மலைக்கு வெச்சா முகட்டயும் வட்டவடை படிக்கட்டு வயல் ஓரத்தையும் சீவித் தள்ளிடும், 0.6 மாதிரி ஏத்துங்க.

எந்தக் கருவியும் மொத்தமா சரியா செய்யாது. பத்து மீட்டருக்கு ஒண்ணா குறுக்கால வெட்டி கண்ணால பாத்து கையால திருத்தணும். சலிப்பான வேலை, ரெண்டு நாள் ஆகும், ஆனா உங்க பேரு நிக்கப்போறது இந்த ரெண்டு நாள்லதான்.

செக் பாயிண்ட வெச்சு சோதனை

உதாரணத்துக்கு ரோட்டுல அஞ்சு இடத்துல பிசகு 3, 5, மைனஸ் 2, 6, மைனஸ் 4 சென்டிமீட்டர்னு வருதுன்னு வைங்க. ஒவ்வொண்ணையும் வர்க்கம் பண்ணிக் கூட்டினா 90, அஞ்சால வகுத்தா 18, வர்க்கமூலம் 4.2 சென்டிமீட்டர். அருமைன்னு ரிப்போர்ட்ல எழுதத் தோணும். அதே மேப்ப தேயிலைக்குள்ள எடுத்த புள்ளியோட வெச்சுப் பாருங்க, 38, 52, 45, 61, 49னு வந்தா எல்லாமே ஒரே பக்கம், எல்லாமே பிளஸ், சராசரி 49. இது தற்செயல் பிசகு கிடையாது, உங்க தரை செடி மேல ஏறி உக்காந்திருக்கு. ரெண்டையும் கலந்து ஒரே நம்பரா கொடுக்குறது ஏமாத்து வேலை. ரோடு தனி, தேயிலை தனி, ரெண்டு நம்பரா எழுதுங்க, கவாத்து ஆன ஃபீல்டு எது ஆகாதது எதுன்னு மேப்புலயே கோடு போட்டுக் காட்டுங்க. மொத்தமா 49 சென்டிமீட்டரக் கழிச்சுட்டா சரியாயிடாதான்னு கேப்பீங்க, ஆகாது. பள்ளத்துல செடி உயரமாவும் மேட்டுல குட்டையாவும் இருக்கும், நீங்க தேடுற பள்ளத்தையே செடி நிரப்பி வெச்சிருக்கும்.

படமா ஆக்குறது

அரை மீட்டர் கட்டத்துல தரை மாடல் போட்டு க்யூஜிஸ்ங்குற மேப் சாஃப்ட்வேர்ல ஹில்ஷேட் எடுங்க, அதாவது ஒரு பக்கமா வெளிச்சம் விழுந்தா மலை எப்படித் தெரியும்னு காட்டுற நிழல் படம். எல்லாரும் வடமேற்குல இருந்து, 315 டிகிரியில வெளிச்சம் விழுற மாதிரி ஒரே ஒரு படம் எடுத்துட்டு விட்டுடுவாங்க. அந்தத் திசைக்கு நெடுக ஓடுற ஓடை எல்லாம் அதுல மறைஞ்சுடும். நாலு திசையில எடுங்க, கூடவே சரிவு மேப் ஒண்ணு.

தேட வேண்டியது: மேல பிறை மாதிரி வெட்டு, அதுக்குக் கீழ கசங்கின பாய் மாதிரி மேடு பள்ளம், அதாவது பழைய சரிவு. ரெண்டு முகட்டுக்கு நடுவுல கிண்ணம் மாதிரி குழிஞ்ச இடம், அங்கதான் மழைத்தண்ணி மண்ணுக்குள்ள கூடும். அந்தக் கிண்ணத்துல இருந்து கோடு போட்டு கீழ வாங்க, லயம் எங்க இருக்குன்னு பாருங்க. தண்ணி ஓடுற பாதைய கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுறப்போ ரோட்டுக்கு அடியில தண்ணி போக இருக்குற கலுங்க எல்லாம் கையால வெட்டி விடுங்க, இல்லாட்டி ரோட்டு மேட்ட அணைன்னு நினைச்சு தண்ணிய அங்கயே தேக்கிடும். ஆனா நிஜத்துல பாதி கலுங்கு சருகும் கல்லுமா அடைச்சுக் கிடக்கும், அதனால ஒரு தடவை திறந்து, ஒரு தடவை அடைச்சுன்னு ரெண்டு விதமாவும் ஓட்டிப் பாருங்க. அடைச்ச கணக்குல தண்ணி ரோட்டோட ஓடி எந்த வீட்டு முற்றத்துல விழுதுங்குறது வேற ஒரு கதையச் சொல்லும்.

மழைக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு எடுத்து கழிச்சுப் பாக்கலாம். ரெண்டுலயும் 5 சென்டிமீட்டர் பிசகுன்னா, ரெண்டும் சேந்து 95 சதவீத நம்பிக்கைக்கு 14 சென்டிமீட்டர் வரும், அதுக்குக் கீழ தெரியுற வித்தியாசத்த நம்பாதீங்க. தேயிலைக்கு மேல அப்படிக் கழிச்சா நீங்க பாக்குறது மண்ணு நகந்தத இல்ல, கொழுந்து வளந்தத.

மேப்புல எழுத்து மலையாளத்துலயும் தமிழ்லயும் போடுங்க. வில்லேஜ் ஆபீஸ்ல மலையாளம் வேணும், லயத்துல தமிழ் வேணும். ஃபீல்டு நம்பர், கோயில், பழைய ஸ்டோர், தண்ணி ஊத்து, இப்படி ஆளுங்க வாயில இருக்குற பேரையே எழுதுங்க. அப்புறம் கொண்டு போய் கொழுந்து எடுக்குற அக்காமாருங்க முன்னாடி விரிச்சு வைங்க, தினமும் அந்த மண்ண மிதிக்குறவங்க அவங்கதான், எந்த செக் பாயிண்டும் அந்த அளவுக்கு வராது.

அந்த மேல் ஃபீல்டு கவாத்து ஆனப்புறம் நான் மறுபடி பறந்தேன். பள்ளம் கிடந்துச்சு, ஒன்றரை மீட்டர் ஆழம், மேல கிண்ணத்துல தொடங்கி நேரா மூணாவது லயத்துக்குப் பின்பக்கம் வந்து முடியுது. அத்தை விரல வெச்சு, "இங்கதான் விழுந்தேன்"னாங்க. அப்புறம் விரல எடுக்காம கீழ இழுத்துட்டே போய் லயத்துல நிறுத்தி, அந்த வீட்டுல இப்போ யாரு குடியிருக்காங்கன்னு கேட்டாங்க.